குளிப்பாட்டாதீங்க, துடைங்க

(நமது குடியிருப்பில் எலெக்ட்ரிக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் செய்திமடலுக்கு எழுதித் தந்திருக்கிறேன்.)

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருபது பேர் கீழே இறங்கி வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காபி கொண்டு வந்த சி பிளாக் அம்மாவுக்கு முதல் நன்றி.

செக்ரட்டரி சார் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்தேன். நான் பி.காம். படித்தவன். முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். ஸ்பேனர் பிடித்த கை இல்லை. அதற்கு அவர், "அதனாலதான் சார் உங்களைக் கேக்கறேன். மெக்கானிக் பேசினா எங்களுக்குப் புரியாது. நீங்க காசு கொடுத்துக் கத்துக்கிட்டவர்" என்றார். அது உண்மைதான். நான் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த கட்டணம் 6,400 ரூபாய். அதைவிடப் பெரிய கட்டணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு இந்த பேஸ்மென்ட்டில் என்னுடையது ஒன்றுதான் எலெக்ட்ரிக் சைக்கிள். இன்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது நிற்கின்றன. அதில் ஐந்து, தடித்த டயர் போட்ட மவுண்டன் வகை. கடையில் இதை இ-பைக் என்கிறார்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள் என்றுதான் அர்த்தம். அதனால் நான் சைக்கிள் என்றே சொல்கிறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், மோட்டாரின் உதவி 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும்வரை அரசாங்கமும் இதைச் சைக்கிளாகத்தான் பார்க்கிறது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஆனால் இதைச் சாதாரண சைக்கிள் போலக் கழுவினாலும் தப்பு, மோட்டார் சைக்கிள் போலக் கழுவினாலும் தப்பு. நான் இரண்டையும் செய்தவன்.

எனக்கு முழங்கால் தேய்மானம். வங்கியில் தேய்மானத்துக்குத் தனி கணக்கு உண்டு, காலுக்கு இல்லை. நடந்தால் வலிக்கும், சைக்கிள் மிதித்தால் வலி தெரியாது, ஆனால் மேட்டில் மிதிக்க முடியாது. ரிட்டயர் ஆன பிறகு மகன் இதை வாங்கிக் கொடுத்தான். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். தடாகம் ரோட்டில் போய், மாங்கரை தாண்டி ஆனைகட்டி மேடு ஏறித் திரும்புவது வாரம் ஒரு நாள் வழக்கமாயிற்று. விடியும் முன் போகக்கூடாது, யானை நடமாட்டம் உண்டு. நன்றாக வெயில் வந்த பிறகுதான் கிளம்புவேன்.

தடாகம் பக்கத்துச் செம்மண் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். செங்கலுக்கே அந்த மண்தான். ஐப்பசி மழையில் ஒரு நாள் பாதையை விட்டு உள்ளே இறங்கி, வண்டி முழுக்கச் சேற்றோடு திரும்பினேன். அந்தக் கோலத்தில் லிஃப்ட் பக்கம் கொண்டுபோனால் வாட்ச்மேன் முகம் சுளிப்பார். வழியில் ஒரு வாட்டர் வாஷ் கடை இருந்தது. ஐம்பது ரூபாய். பையன் துப்பாக்கி போன்ற குழாயைப் பிடித்து, ஐந்தே நிமிஷத்தில் புது வண்டி ஆக்கிவிட்டான். எனக்குப் பரம திருப்தி. அதிலும் சக்கரத்தின் நடுவில் சேறு அப்பியிருக்கிறது என்று நானே விரலை நீட்டிக் காட்டி, "இங்க நல்லா அடிப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் மோட்டாரிலிருந்து அம்மி அரைக்கும் சத்தம். ஐந்தாம் நாள் வண்டி விக்கி விக்கிப் போயிற்று. ஒரு வாரத்தில் மோட்டார் நின்றே போனது. பழுது பார்ப்பவர் மோட்டாரின் மூடியைத் திறந்ததும் காபி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. உள்ளே ஹால் சென்சார் என்று மூன்று சிறு துண்டுகள் உண்டு. சுற்றும் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்வது அவைதான். அவற்றின் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "யாரு சார் இதை ப்ரெஷர்ல அடிச்சது?" என்று கேட்டார். நான் பேஸ்மென்ட்டின் கூரையைப் பார்ப்பது போல அவர் கடைக் கூரையைப் பார்த்தேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? இதை எனக்கு அவர்தான் விளக்கினார். மேடு ஏறி வந்த மோட்டார் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அதன் மேல் பச்சைத் தண்ணீரை அடித்தால் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து உறிஞ்சும். அச்சுக்குப் பக்கத்தில், வயர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் வழியாகத் தண்ணீர் புகும். போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. ஆக, என் வண்டிக்கு நடந்தது இரண்டு தவறு. சூட்டோடு கழுவியது ஒன்று, அழுத்தத்தோடு கழுவியது ஒன்று.

"சார், விளம்பரத்துல வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கே?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். அதற்கு ஒரு குறியீடு இருக்கிறது. ஐபி என்று ஆரம்பித்து இரண்டு இலக்கம் வரும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 4 என்றால், எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். மழையில் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 என்றால் குழாய்த் தண்ணீர் பீச்சினால் தாங்கும். அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நிமிஷத்துக்கு 12.5 லிட்டர், அதுவும் மூன்று மீட்டர் அளவு தள்ளி நின்று பீச்சுகிறார்கள். வாட்டர் வாஷ் பையன் ஒரு ஜாண் தூரத்தில் பிடித்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இந்த பேஸ்மென்ட் குழாய் வரை சுமார் 18 மீட்டர் உயரம். பத்து மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம். ஆக, இந்தக் குழாயைத் திருகினால் இரண்டு பார் கூட இல்லை. நம்மில் மூன்று பேர் கார் கழுவ வாங்கி வைத்திருக்கும் ப்ரெஷர் வாஷர் 100 பாருக்கு மேல். அந்த டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது, போய்ப் பாருங்கள். காருக்கு அது நல்லது. சைக்கிள் பக்கம் அதைத் திருப்பாதீர்கள். மோட்டார் மட்டும் இல்லை, பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து என்று பேரிங் இருக்கும் எல்லா இடத்திலும் உள்ளே இருக்கும் கிரீஸை அது கழுவித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரை உட்கார வைத்துவிடும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவுடன் கழுவுவதில்லை. குளித்து, டிபன் சாப்பிட்டு, பேப்பர் படித்துவிட்டு வருவேன். அதற்குள் மோட்டார் ஆறியிருக்கும். சேறும் காய்ந்திருக்கும். செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் பெயின்ட்டில் கோடு விழும். காய்ந்தால் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாலே பாதி உதிர்ந்துவிடும். தூசு மட்டும்தான் என்றால் கதை அத்தோடு முடிந்தது. ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. பத்து வாரத்தில் எட்டு வாரம் எனக்கு இதுவே போதும். தண்ணீர் ஊற்றுவது மாதம் ஒரு முறைக்கும் குறைவு.

ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் சுவிட்சை அணைத்து பேட்டரியைக் கழற்றி மேலே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். என் வண்டியின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. உங்கள் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். பேட்டரி உட்காரும் இடத்தில் பித்தளை முனைகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுவேன். ஹேண்டிலில் இருக்கும் டிஸ்ப்ளேவுக்கும் அப்படியே. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பதில்லை. 23 கிலோ, என் முதுகுக்கும் ஆகாது, டிஸ்ப்ளேவும் தரையில் உரசும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் என்றால், குழாயில் இருக்கும் காற்று நகர்ந்து பிரேக் தொளதொளப்பதும் உண்டு.

ஒரு பக்கெட் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, காயும்போது வெள்ளைத் திட்டாகப் படியும். எலெக்ட்ரிக் கனெக்டரில் அந்தத் திட்டு படிந்தால் நல்லதில்லை. சிறுவாணித் தண்ணீரை ஊற்றிச் சைக்கிள் கழுவுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பக்கெட்தான் கேட்கிறேன். அதுவும் மனசு வரவில்லை என்றால், போர் தண்ணீரில் கழுவி, சொட்டு மிச்சமில்லாமல் உடனே துடைத்துவிடுங்கள். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கலக்கி, மேலிருந்து கீழாக, சொம்பால் மெதுவாக ஊற்றுவேன். அச்சின் மேல் நேராக ஊற்றுவதில்லை. அங்கே பிழிந்த துணியும் பழைய டூத் பிரஷ்ஷும்தான். மோட்டார் வயர் அச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில், அது கொஞ்சம் கீழே தொங்கிப் பிறகு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தொங்கலில்தான் மழைத் தண்ணீர் சொட்டி விழும். யாராவது அழகுக்காக அதை இழுத்துக் கட்டியிருந்தால், தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராக மோட்டாருக்குள் போகும்.

துடைக்கப் பழைய பனியன் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. துடைத்த பிறகு ஒரு மணி நேரம் நிழலில். அதன் பிறகுதான் பேட்டரி.

செயின் விஷயத்துக்கு வருகிறேன். கழுவிய அன்றே செயினுக்கு எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் காலை ஆரஞ்சு நிறத்தில் துரு நிற்கும். என் மனைவி தேங்காய் எண்ணெய் தந்தாள். மார்கழியில் அது செயினிலேயே உறைந்து, தூசியைச் சேர்த்துப் பசையாகிவிட்டது. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கினால் எனக்கு ஒரு வருஷம் வருகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிஷம் விட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள்ளே. வெளியே மினுமினுப்பது மண்ணை அழைக்கத்தான்.

மோட்டார் உதவியோடு மிதிக்கும்போது நாம் வண்டியை ஓய்வெடுக்க விடுவதில்லை. அதிக தூரம் போகிறோம், அதிக மேடு ஏறுகிறோம். அதனால் செயின் சீக்கிரம் நீள்கிறது. இதை அளக்க விசேஷக் கருவி உண்டு. எனக்குத் தேவைப்படவில்லை. ஸ்கூல் பசங்களின் ஸ்டீல் ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். உலகம் முழுக்க இதே கணக்கு. ஆக 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, செயினை இழுத்துப் பிடித்து, மறுமுனையைப் பாருங்கள். அரை நூல் தள்ளிப் போயிருந்தால், அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு நூல் தள்ளிப் போகும்வரை விட்டால், அந்தச் செயின் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் தின்றிருக்கும். செயினோடு அதையும் மாற்ற வேண்டும், செலவு இரண்டு மூன்று மடங்கு. பைசா வித்தியாசத்தை அன்றே பிடிக்காவிட்டால் வருஷக் கடைசியில் ரூபாயாகத் தேட வேண்டியிருக்கும். லெட்ஜரில் பட்ட பாடு அது.

பின்சக்கரக் கம்பிகளையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மோட்டார் இழுக்கும் இழுப்பு முழுக்க அந்தக் கம்பிகள் மேல்தான். ஒன்று மட்டும் தொய்ந்த சத்தம் கொடுத்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதும் அதே போலத்தான்.

இப்போது அந்தப் பெரிய கட்டணம்.

போன கோடை விடுமுறையில் என் பேரன் ரேம்ப்பில் விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பன்னிரண்டு வயசு. என் வண்டியின் சீட்டை இறக்கி, காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு இந்த ரேம்ப்பில் இறங்கினான். "அப்புச்சி, பிரேக் பிடிக்கல!" என்று கத்தியது பி பிளாக் வரை கேட்டது. 14-ஆம் நம்பர் தூணில் மோதினான். தூணில் ரப்பர் அடித்திருந்ததால் தலை தப்பியது. மணிக்கட்டு முறிந்து, விடுமுறை முழுக்கக் கட்டு. அடுத்த கமிட்டி கூட்டத்தில், "ரேம்ப்பில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டக்கூடாது" என்று போர்டு வைக்க முடிவு செய்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் கையைத் தூக்கினேன்.

எல்லோரும் பையன் வேகமாக வந்துவிட்டான் என்றார்கள். அவனும் அப்படித்தான் ஒப்புக்கொண்டான். நடந்தது வேறு. அதற்கு முந்தின நாள் நான் வண்டியைத் துடைத்துவிட்டு, எங்கெல்லாம் லேசாகத் துரு தெரிந்ததோ அங்கெல்லாம் துரு எடுக்கும் ஸ்பிரேயை அடித்தேன். பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படலம் இருந்தது. மழைக்குப் பிறகு அது வருவது சகஜம், நாலு தடவை பிரேக் பிடித்தால் தானாகவே போய்விடும். எனக்கு அது தெரியாது. டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பளபளக்கும்படி அடித்தேன். எண்ணெய் டிஸ்க்கில் பட்டது, அங்கிருந்து பிரேக் பேடுக்குள் இறங்கியது. மேட்டில் நான் மெதுவாகப் போய் வந்தபோது தெரியவில்லை. இறக்கத்தில் பையனுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரவு டிஸ்க்கைத் துணியால் துடைத்தபோதுதான் புரிந்தது. மகளிடம் இதைப் போன மாதம்தான் சொன்னேன். உங்களிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன். அந்த போர்டை அப்படியே விடலாம், ரேம்ப்பில் யாரும் வேகமாக இறங்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அது அந்தப் பையன் செய்த தப்புக்காக வைத்த போர்டு இல்லை. அவன் அடுத்த லீவுக்கு வரும்போது யாரும் அவனைக் கிண்டல் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே டிஸ்க் பக்கம் எண்ணெய், ஸ்பிரே, பாலிஷ் எதுவும் வேண்டாம். விரல் வைத்தாலே விரலின் பிசுக்கு ஒட்டும். சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு சுத்தமான துணி, அவ்வளவுதான். கொரோனா காலத்து சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்திருப்பார்கள், அதுவும் வழுக்கும். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேடின் பிடிப்புப் பகுதி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலும் நான் மாற்றிவிடுகிறேன். செயினுக்கு எண்ணெய் போடும்போது டிஸ்க்கின் மேல் ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றிவிடுவேன். வண்டியைக் கழுவிய பிறகு, யார் ஓட்டுவதற்கு முன்னாலும், சமதரையில் நான் பத்தடி ஓட்டி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

கடைசியாக பேட்டரி. இது என் வீட்டு விஷயம் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு விஷயமும்கூட. நியூயார்க்கில் அடுக்குமாடி வீடுகளில் இந்த பேட்டரிகள் தீப்பிடித்து உயிர்கள் போன பிறகு, தரச் சான்று இல்லாத இ-சைக்கிளையோ பேட்டரியையோ விற்கக்கூடாது என்று 2023 செப்டம்பரிலிருந்து சட்டம் வைத்திருக்கிறார்கள். நம்மில் நாலு பேர் வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துச் சார்ஜ் போடுகிறோம். நானும் அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆனால் நாம் வெளியே ஓட வேண்டிய வழி அது. இப்போது பால்கனியில், நிழலில், வெறும் டைல்ஸ் தரையில் வைத்து, நான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுகிறேன். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்தான். என்னுடையது 36 வோல்ட் பேட்டரி, நிறைந்தால் 42 வோல்ட். வேறு வண்டியின் சார்ஜர் பின் பொருந்துகிறது என்பதற்காக வோல்ட்டும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஓட்டி வந்த சூட்டோடு போடுவதில்லை. ஒரு முறை முழுக்க ஏற்ற அரை யூனிட்டுக்குக் குறைவுதான் ஆகிறது, அதனால் பேஸ்மென்ட் காமன் பிளக்கில் செருகி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு என்று இரண்டு மாதம் போகிறவர்கள் பேட்டரியை நிறைத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், காலி செய்துவிட்டும் போகாதீர்கள். பாதியில் விட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கீழே விழுந்து அடிபட்டது, உப்பியது, ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிப்பது, தண்ணீரில் முழுகியது, இந்த நாலையும் சார்ஜில் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். கார்ப்பரேஷன் குப்பையிலும் போடக்கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையில் கேளுங்கள்.

கமிட்டிக்கு ஒரு சின்ன வேண்டுகோள். கார் கழுவும் இடத்துக்கு எதிர்மூலையில் இருக்கும் குழாய்க்கு ஒரு பக்கெட்டும் சொம்பும் சங்கத்தின் செலவில் வைக்கலாம். அங்கே தரை கால்வாய்ப் பக்கம் சரிவாக இருக்கிறது, தண்ணீர் தேங்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை 14-ஆம் நம்பர் தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். ஸ்டீல் ஸ்கேல் என்னிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும், இரண்டு பனியன் துணியும், வண்டியின் கையேடும் கொண்டு வாருங்கள். ஒன்பது செயினையும் அளந்துவிடலாம்.